கொட்டைக் கன்று

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு மாமரத்தை முன்னிட்டு என் நைனாவும் என் தாய்மாமனும் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தார்கள். மாமா இறந்துபோனதால் அது ஒன்பது வருஷத்தோடு முடிந்தது. இல்லாவிட்டால் இன்னும் நீண்டிருக்கும். இரண்டு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பது மாமா இறந்து நான்கு வருஷம் கழித்து எனக்குத் தெரியவந்தது. கொட்டை போட்டு மரம் வளர்ப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மரத்தின் வழியாகத் தெரிந்ததுதான்.

பள்ளிப்பட்டு ஆந்திர எல்லையில் இருக்கிற ஊர். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு நாங்களும் அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959ல் வந்த சட்டம் எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தன. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் அங்கே போயிற்று. நைனா கைத்தறி நெய்கிறவர். தறிக்குழியை விட்டு எழுந்து கூட்டங்களுக்குப் போய், தூரத்தில் நின்று கேட்டுவிட்டு வருவார். அம்மா நகரியைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் தெலுங்கு. எங்கள் வீட்டில் நைனாவோடு தமிழும் அம்மாவோடு தெலுங்கும் பேசினோம். அதை இரண்டு பாஷை என்று நினைக்க எங்களுக்கு அப்போது வயதில்லை.

ஏப்ரல் 1ஆம் தேதி நைனா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். அடுத்த வாரம் நகரியில் ஒரு கல்யாணத்தில் மாமாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு வந்தது. ஊர் யாருக்குச் சேர்ந்தது என்பது பற்றித்தான். இரண்டு மாதம் போக்குவரத்து இல்லை. பிறகு ஆனி மாதம் முதல் மழை விழுந்த ஒரு சாயங்காலம் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் காரியரில், உடைந்த மண்சட்டியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு மாங்கன்று.

“பேனிஷா பாவா. நம்ம கொல்லை மரத்துக் கொட்டை. போன வருஷம் நானே போட்டேன்” என்றார்.

சென்னையில் பங்கனப்பள்ளி என்று சொல்லப்படுவதுதான் அந்தப் பக்கத்தில் பேனிஷா. மாமா வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு மரம் இருந்தது, வீட்டை அவருக்கு விற்றவர் வைத்தது. கிணற்றடியில் யாரும் வைக்காத நாட்டுமா ஒன்றும் நின்றது. சட்டியை நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து குழி வெட்டினார்கள். அவர்கள் சண்டை அப்படித்தான் தீர்ந்தது. மன்னிப்பு, வருத்தம் என்ற சொற்களை இரண்டு பேருமே எந்தப் பாஷையிலும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

எட்டு வருஷம் நைனா அந்த மரத்துக்கு வேலி கட்டினார். தறிக்குக் கஞ்சி போட்டுப் பாவைத் தோய்த்த பிறகு மிஞ்சிய தண்ணீரை அதற்கு ஊற்றினார். துளிர் விடும்போது இலைகள் செம்பு நிறத்தில் தொங்கும். நெய்த துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவற்றை விரலால் தொட்டுப் பார்ப்பார். 1968 தை மாதம் நன்றாகப் பூத்தது. காற்றுக்கு விழுந்த காய்களை அம்மா பொறுக்கினாள். மரத்திலிருந்து ஒன்றையும் பறிக்க நைனா விடவில்லை. கடைசியில் பதினேழு காய் நின்றன. வைக்கோலில் வைத்துப் பழுக்க வைத்தார். முதல் பழத்தைச் சுவாமி படத்துக்கு வைத்துவிட்டு அவரே அறுத்தார்.

தோல் மஞ்சளாகத்தான் இருந்தது. உள்ளே நார். புளிப்பு என்றால், ஒரு பழத்துக்குரிய புளிப்பு அது இல்லை. அவர் துப்பவில்லை. மென்று விழுங்கிவிட்டு வாயைக் கொப்பளித்தார். இரண்டாவதை அறுத்தார். பதினேழையும் அறுத்துப் பார்த்தார் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். எனக்கு மூன்று வரைதான் ஞாபகம் இருக்கிறது.

“உங்கண்ணன் கிணத்தடி மரத்துக் கொட்டையைப் போட்டுக் கொண்டாந்துட்டான்” என்றார் அம்மாவிடம். “நான் சர்க்கரை கொடுத்ததுக்கு அவன் கொடுத்த பதில் இது.”

மாமாவுக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து கொல்லையில் நின்று, தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நைனா தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாடா ஓடும் சத்தம் நிற்கவும் இல்லை. மாமா அம்மாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. 1977ல் அவர் இறந்தபோது நைனா போனார். வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

மரத்தை வெட்ட நைனா கிளம்பியபோது அம்மா தடுத்தாள். காரணம் எதுவும் அவள் சொல்லவில்லை. அடுத்த சித்திரையில், காய் முற்றி ஓடு பிடித்த தறுவாயில், முப்பது காயைப் பறித்து, ஓட்டோடு சேர்த்துத் துண்டு போட்டு ஆவக்காய் வைத்தாள். ஆவக்காய்க்குக் காய் கெட்டியாக இருக்கவேண்டும். நார் இருக்கவேண்டும். நல்லெண்ணெயிலும் கடுகிலும் ஒரு வருஷம் கிடந்தாலும் குழையாத புளிப்பு வேண்டும். எங்கள் மரத்துக் காய்க்கு இவையெல்லாம் இருந்தன. நகரியிலிருந்து கூட அம்மாவின் உறவுக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். நைனா ஒவ்வொரு நாளும் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டுதான் பழையது சாப்பிட்டார். எந்த மரத்துக் காய் என்று அவர் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். 1978ல், நாலாவது இதழோடு நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது எழுதிக்கொண்டிருந்த புதுக்கவிஞர்கள் சிலரை ஒட்டுக் கன்றுகள் என்று வர்ணித்திருந்தேன். அயல்மொழிக் கிளையை நம் தண்டில் வைத்துக் கட்டிவிட்டு, சீக்கிரம் காய்க்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள், இந்த மண்ணில் விதையாக விழுந்து முளைத்தவனே கவி, என்று போகும் அந்தக் கட்டுரை. விதை என்றால் உண்மை, ஒட்டு என்றால் போலி. நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் தபால் கார்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: கொட்டை போட்டு முளைத்த மரத்தின் பழத்தை நீர் தின்றதுண்டா? தின்றிருந்தேன். அப்படியும் அந்தக் கேள்வி எனக்கு உறைக்கவில்லை.

1981ல் கன்னிமாரா நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தைப் புரட்டினேன். இந்தியாவின் மா ரகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொட்டைக்குள் கரு ஒன்றே ஒன்று. அது மகரந்தம் சேர்ந்து உண்டான கரு. ஆகவே அது தாய் மரம் இல்லை, தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த மூன்றாவது ஒன்று. தாயே பல தலைமுறைக் கலப்பில் வந்தது என்பதால், பிள்ளை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. பேனிஷா கொட்டையைப் போட்டால் பேனிஷா வராது. வந்தால் அது ஒரு விபத்து. மாம்பூவில் மகரந்தத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஈக்கள். மாமா வீட்டுக் கிணற்றடி நாட்டுமாவில் உட்கார்ந்த ஓர் ஈ, பத்து கஜம் தள்ளி பேனிஷாவிலும் உட்கார்ந்திருக்கிறது. நைனாவுக்கும் மாமாவுக்கும் இடையில் நடந்ததெல்லாம் இதுதான்.

கேரளக் கரைப் பக்கத்து ஒளூர், சந்திரக்காரன் போன்ற சில ரகங்கள் வேறு மாதிரி. ஒரு கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தோடு சம்பந்தமில்லாமல் தாயின் சதையிலிருந்தே உண்டானவை. அவை தாயைப் போலவே காய்க்கும். எலுமிச்சையிலும் இப்படி உண்டு. ஒரு விதையை டப்பாவில் போட்டு இரண்டு செடி வந்தால் ஆச்சரியப்படவேண்டியதில்லை. எங்கள் பக்கத்து மலைச்சரிவுகளில் தானாக முளைக்கும் சீத்தா, விதையிலிருந்து வந்தாலும் அநேகமாகத் தாயைப் போலவே இருக்கும், நாலு வருஷத்தில் காய்க்கும். பப்பாளியில் ஆணா பெண்ணா என்பது பூக்கிறவரை தெரியாது. ஒரு குழியில் மூன்று விதை போடுவது அதனால்தான். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்கிறோம். முளைக்காதுதான். ஆனால் மாங்கொட்டை விஷயத்தில் அந்தப் பழமொழியை நம்பி ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்லிவிடமுடியாது.

அந்த மாதமே ஊருக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஈயைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் கழித்து, “அப்போ அவன் கொடுத்தது பேனிஷா கொட்டைதானா?” என்றார்.

“ஆமாம் நைனா.”

“இதை இப்ப வந்து சொல்றியே” என்றார்.

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. 1984ல் இறந்தார். அம்மா 2011 வரை இருந்தாள், ஆவக்காயும் இருந்தது.

2023 வைகாசியில் தம்பி போன் செய்தான். பாகத்தில் கொல்லை அவனுக்குச் சேர்ந்தது. மகனுக்கு வீடு கட்டவேண்டும், ஆவணியில் அஸ்திவாரம், மரம் போய்த்தான் ஆகவேண்டும் என்றான். தெரிவித்துவிட்டுச் செய்யவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே போதும். அவன் தரப்பில் நியாயம் இருந்தது. எனக்கு எழுபது வயது. வில்லிவாக்கத்தில் மாடிவீடு. எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கொட்டை போடலாம், அல்லது ஒட்டுக் கட்டலாம்.

கொட்டை போட்டால் கிடைப்பது அந்த மரம் இல்லை. அதன் பிள்ளை. என்னவாக இருக்கும் என்று ஏழெட்டு வருஷம், பத்து வருஷம் காத்திருந்தால்தான் தெரியும். அந்தப் புளிப்புத்தான் வேண்டும் என்றால் கத்தியை எடுத்தாகவேண்டும். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போலி என்று நான் எழுதிய காரியத்தைச் செய்யாமல், அம்மாவின் கையால் அறுபட்ட அந்தக் காயைக் காப்பாற்ற வழியில்லை.

அப்போதுதான் யோசித்தேன். நமக்குப் பேர் தெரிந்த மாங்கனி எல்லாமே முதலில் யாரோ துப்பிய, அல்லது எறிந்த, அல்லது ஆசையாக நட்ட ஒரு கொட்டைதான். லக்னோ பக்கத்தில் தஸேரி கிராமத்தில் முளைத்த ஒரு மரத்திலிருந்துதான் தஸேரி ரகமே வந்தது. அல்போன்சாவை ஒட்டுக் கட்டிப் பெருக்கியது கோவாவில் போர்ச்சுகீசியர்கள் என்று சொல்லப்படுகிறது. 1889ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு முல்கோவா என்ற பேரில் ஒட்டுக் கன்றுகள் போயின. பிழைத்தது ஒன்று. அதன் கொட்டையில் வந்த நாற்றுகள் நாலு டஜனை 1902ல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் வாங்கி நட்டார். அடுத்த வருஷமே இறந்துபோனார். அவர் மனைவி மரங்களைப் பார்த்துக்கொண்டாள். 1910ல் அவற்றில் ஒன்று, முல்கோவாவைப் போல இல்லாத, சிவப்பு ஏறிய ஒரு பழத்தைக் கொடுத்தது. ஹேடன் என்றே அதற்குப் பேர். இன்று உலகச் சந்தையில் விற்கிற டாமி அட்கின்ஸ் ஹேடனின் கொட்டையில் வந்தது.

நாலு டஜனில் பேர் சொன்னது ஒன்று. மற்றவை என்ன ஆயின என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விதை தாயைத் திருப்பிச் சொல்லாது, அதுவே அதன் இயல்பு. அதனால்தான் புதிதாக ஒன்று வருகிறது. வந்ததில் ஒன்றைப் பிடித்துப்போய், இது இப்படியே இருக்கவேண்டும் என்று ஒருவன் நினைக்கும்போது ஒட்டு வருகிறது. 1978ல் நான் விதைக்கு இல்லாத ஒரு விசுவாசத்தைக் கற்பித்தேன். ஒட்டில் இருந்த விசுவாசம் என் கண்ணில் படவில்லை. மரபு, சுயம் என்று அந்தக் காலத்தில் நாங்கள் அடித்துக்கொண்டதில் பாதி, ஒரு மாங்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்க்காததால் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தபால் கார்டு எழுதிய நண்பருக்கு இதைத் தெரிவிக்க வழியில்லை. அவரும் போய்விட்டார்.

ஆனியில் போய் மரத்தடியில் பன்னிரண்டு பழம் பொறுக்கினேன். மாங்கொட்டை காத்திருக்காது. சில வாரங்களில் உயிர் போய்விடும். சதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, ஓட்டின் விளிம்பைக் கத்தியால் நெம்பித் திறந்து பருப்பை எடுத்தேன். நாலில் வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே முட்டையாகப் போய், உள்ளே வளர்ந்து, ஓட்டைத் திறந்தால் தூக்கம் கலைந்தவன்போல ஊர்ந்து வெளியே வருகிற அந்த வண்டு. மிச்சம் எட்டையும் மணல் கலந்த மண்ணில், வளைந்த முதுகு மேலே இருக்கும்படி, இரண்டு அங்குல ஆழத்துக்குள் வைத்தேன். மூன்று வாரத்தில் ஆறு முளைத்தன. நைனா தொட்டுப் பார்த்த அதே செம்பு நிறம்.

இதற்குள் மரத்தில் பென்சில் கனமுள்ள முற்றிய நுனிக்கிளைகளில் இலைகளைக் காம்பை விட்டு நறுக்கச் சொல்லித் தம்பிக்குச் சொல்லியிருந்தேன். பத்து நாளில் மொட்டு புடைக்கும். நாற்றுப்பண்ணையில் வேலை செய்த ஒருவர் வந்தார். முளையின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, கிளையை ஆப்புபோலச் செதுக்கிச் செருகி, பாலிதீன் நாடாவால் சுற்றினார். மேலே குச்சி ஐஸ் போடுகிற பாலிதீன் உறையை மாட்டினார். நாலு கன்றுக்கு ஒட்டுப் போட்டோம். இரண்டை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். “அது எதுக்கு சார், நேரம் வீண்” என்றார். நாலில் இரண்டு பிடித்தன. ஆவணி பிறந்து ஐந்தாம் நாள் மரத்தை வெட்டினார்கள். நான் போகவில்லை.

ஒட்டுக் கன்றில் ஒரு விசித்திரம் உண்டு. தண்டுக்கு வயது சில மாதம், கிளைக்கு அறுபது வருஷம். கிளை தன் வயதை மறப்பதில்லை. 2025 தையில், என் இடுப்பளவுகூட வளராத கன்று பூத்துவிட்டது. முதல் இரண்டு மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் செடி இளைத்துப்போகும். கிள்ளினேன், ஒரு கொத்தை மட்டும் விட்டேன். நூற்றுக்கணக்கான பூ. மூன்று பிஞ்சு. நின்றது ஒன்று. சித்திரையில் அதை அறுத்துப் பதினோரு துண்டு போட்டு, அம்மா வைப்பதுபோல வைக்கப் பார்த்தேன். உப்பு கூடிவிட்டது. புளிப்பு மட்டும் அதேதான்.

கொட்டையில் வந்த இரண்டு கன்றும் பக்கத்துத் தொட்டியில் இருக்கின்றன. காய்க்க இன்னும் ஆறேழு வருஷமாவது ஆகும். எனக்கு ஹேடன் கேப்டனின் கதை ஞாபகம் வருகிறது. இருந்தாலும் அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இரண்டாவது ஒட்டுக் கன்றைப் போன ஆனியில் நகரிக்கு எடுத்துப்போனேன். அந்த ஜூன் மாதம்தான் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலத் தோத்தாபுரி மாங்காய்க்குத் தடை போட்டிருந்தார்கள். கர்நாடக முதல்வர் ஆட்சேபித்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதியதைப் பத்திரிகையில் படித்தேன். பஸ்ஸில் என் மடியில் இருந்த கன்றை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் பேரன் வாசலில் வந்து வாங்கிக்கொண்டான். அந்த வீட்டில் பேனிஷாவும் இல்லை, கிணற்றடி மரமும் இல்லை. கிணறே இல்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடவேண்டும் என்று தெலுங்கில் சொல்லிக்கொடுத்தேன்.

“என்ன ரகம் பெரியப்பா?” என்று கேட்டான்.

அதற்குப் பேர் இல்லை. யோசித்துவிட்டு, “உங்க தாத்தா பேனிஷா கொட்டை போட்டு வளர்த்தது” என்றேன்.

“அப்ப இனிக்குமா?”

“இனிக்காது. ஆனா கொட்டை பேனிஷாதான்.”

அவனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.